ட்ரெய்லர் இழுக்கும்போது மட்டும் திணறும் டீசல் வண்டி: கோளாறைப் பிடிப்பது எப்படி?

கோவில் கொடைக்கு (ஊர்க் கோவில் திருவிழாவுக்கு) ஜெனரேட்டர் இழுக்கிறவர்கள், கிணற்று வேலைக்குக் கம்ப்ரஸர் இழுக்கிறவர்கள், கான்கிரீட் மிக்சரைக் கோர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கோளாறு தெரிந்திருக்கும். வெறும் வண்டி நன்றாக ஓடும். பின்னால் சுமை ஏறி, ஏற்றமோ எதிர்க்காற்றோ வந்ததும் திடீரென்று இழுவை போய்விடும். மிதியை அடி வரை அமுக்கினாலும் வண்டி கேட்காது. ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் பழையபடி இழுக்கும். ஷெட்டில் விட்டால், "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ஓட்டிப் பாத்தாச்சு, நல்லாத்தான் இழுக்கு" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்களுடையது காமன் ரெயில் டீசல் பிக்கப் ('ரெயில்' என்ற பொதுக் குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி, எல்லா சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் வகை). பின்னால் சைலன்ட் ஜெனரேட்டர் ட்ரெய்லர். ஒரு கொடை சீசன் முழுக்க இந்தக் கோளாறோடு அல்லாடினோம். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பில் வந்தது. அந்த அலைச்சலில் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். புதிதாக ட்ரெய்லர் தொழிலுக்கு வருகிறவர்கள் இதே வரிசையில் போனால் பாதிச் செலவு மிஞ்சும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சுமை ஏறினால் மட்டும் வரும் கோளாறைச் சுமை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ட்ரெய்லரைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு வெறும் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படிப் போனால் மெக்கானிக் ஊகித்துத்தான் பாகம் மாற்றுவார். அவர் ஊகத்துக்குக் காசு கொடுப்பது நீங்கள்.

1. இன்ஜின்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

இழுவை குறைந்தால் எல்லாரும் நேராக இன்ஜினுக்குத்தான் போகிறார்கள். பத்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய வேறு மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா? இருபது கிலோமீட்டர் போல ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் வண்டியை உருளவிட்டு நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் பக்கத்திலும் கையை வையுங்கள். தொடாமல், பக்கத்தில் மட்டும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் இறங்காமல் நிற்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. ட்ரெய்லரின் சக்கரங்களையும் விடாதீர்கள். வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் ட்ரெய்லரில் பேரிங் கிரீஸ் காய்ந்துபோவது சகஜம். டயரில் காற்று குறைந்திருந்தாலும் இழுவை தின்னும்.

கிளட்ச் வழுக்குகிறதா? ஏற்றத்தில் நாலாவது கியரில் மிதியை அமுக்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் அது கிளட்ச். கருகிய வாடையும் வரும். ஆர்பிஎம், வேகம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் கிளட்ச் மேல் பழி இல்லை.

எடை எவ்வளவு? வண்டியோடு வந்த புத்தகத்தில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கும். ஜெனரேட்டர், ட்ரெய்லர், கேபிள் டிரம், டீசல் கேன், பின்னால் ஏறும் ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒரு தடவை வே பிரிட்ஜில் நிறுத்திச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறின எடையை இழுத்துவிட்டு இன்ஜினில் கோளாறு தேடினால் எதுவும் கிடைக்காது. அந்தச் சீட்டு பின்னால் வாரண்டிப் பேச்சிலும் உதவும்.

2. ஒரு நோட்டுப் போடுங்கள்

காசே ஆகாத படி இது. எனக்கு அதிகம் உதவியதும் இதுதான். வண்டியில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கிடக்கட்டும். இழுவை போகும் ஒவ்வொரு தடவையும், வண்டியை ஓரம் கட்டியதும், மறப்பதற்குள் எழுதுங்கள்: எந்த இடம், ஏற்றமா சமதளமா, எந்தக் கியர், எவ்வளவு ஆர்பிஎம், டேங்கில் எவ்வளவு டீசல், சூட்டு முள் எங்கே நின்றது, ஏசி ஓடியதா, டேஷில் ஏதாவது லைட் எரிந்ததா, புகை என்ன நிறம். முக்கியமாக, இழுவை எப்படித் திரும்பி வந்தது.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எந்த ஷெட்டிலும் கேட்க மாட்டார்கள். கோளாறு போகும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

சாவியை அணைத்து உடனே போட்டதும் முழு இழுவை வந்துவிட்டதா? அப்படியானால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானே வண்டியை அடக்கியிருக்கிறது. இதை லிம்ப் மோடு என்பார்கள். ஏதோ ஒரு அளவு எல்லை தாண்டியதால், இன்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் அதில் 'கோடு', அதாவது கோளாறைக் குறிக்கும் எண், பதிவாகியிருக்கும். நேராக 5ஆவது படிக்குப் போங்கள்.

சாவியை அணைத்துப் போட்டும் வராமல், ஐந்து பத்து நிமிடம் நின்ற பிறகு வந்ததா? டேங்குக்குள் ஏதோ உறிஞ்சு குழாயை அடைத்து, உறிஞ்சல் நின்றதும் விலகுகிறது என்று சந்தேகப்படலாம். சூட்டில் அடம்பிடிக்கும் சென்சாரும் இப்படித்தான் நடக்கும். ஆனால் சென்சார் கோளாறில் வண்டி திணறுவதைவிட ஒரேயடியாக அணைந்துபோவதே அதிகம்.

டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி நன்றாக இழுத்ததா? டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

மிதியிலிருந்து காலை ஒரு நொடி எடுத்து மறுபடி அமுக்கினால் வந்ததா? டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) பக்கம், ஹோஸ், வேக்குவம் குழாய்.

புகையையும் கூடவே சேர்த்துப் பாருங்கள். இழுவை போகும்போது கரும்புகை கக்கினால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போனால் டீசல்தான் போதவில்லை. நீலப் புகை ஆயில் எரிவது. டர்போ சீல் ஒரு காரணமாகலாம். வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது கூலன்ட் உள்ளே போகிறது. ரேடியேட்டர் தண்ணீர் அளவைப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவருக்குப் புகை சரியாகத் தெரியாது. பின்னால் ஒருவரை பைக்கில் வரச் சொல்லி வீடியோ எடுத்தால் மெக்கானிக்கிடம் வாதாட வேண்டியதில்லை.

3. டீசல் பக்கம்: டேங்கிலிருந்து ஃபில்டர் வரை

டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் இறக்குங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழே தனியாகத் தங்கும். தண்ணீர் வந்தால் டேங்கையும் சந்தேகப்பட வேண்டும். பங்க்கில் டீசலின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிஎஸ்6 (இப்போதைய மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசலுக்கு 15 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 810 முதல் 845 கிலோ வரை இருக்க வேண்டும். அன்றைய பதிவேட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உங்கள் கண்முன் அளக்கும் எண்ணுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. தகராறாக இல்லாமல் மரியாதையாகவே கேளுங்கள், காட்டுவார்கள்.

ஃபில்டரை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பழைய ஃபில்டரைக் குப்பையில் போட விடாமல் வாங்கி, ரம்பத்தால் அறுத்து உள்ளே பாருங்கள். வழவழப்பான கறுப்புப் படிவு இருந்தால் டேங்கில் கிருமி வளர்ந்திருக்கலாம், தண்ணீரும் இருந்திருக்கும். துரு இருந்தால் டேங்க். மினுமினுப்பான இரும்புத் தூள் இருந்தால் நிலைமை வேறு: பம்ப் தேய்கிறது, டீசல் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும்.

காற்று உறிஞ்சுகிறதா என்று பார்க்க, ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான டீசல் ஹோஸைக் கோர்த்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஓரிரு குமிழி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. தொடர்ந்து குமிழி ஓடினால் பின்னால் எங்கோ கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது ரப்பர் வெடித்திருக்கிறது. உறிஞ்சும் பக்கம் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது டேங்க். எங்கள் வண்டியில் விஷயம் இருந்தது இங்கேதான். ஜெனரேட்டர் தொழிலில் எல்லாம் கேன் டீசல். கேன் மூடி கசியாமல் இருக்க, வாயில் ஒரு பாலித்தீன் கவரை வைத்து அதன் மேல் மூடியைத் திருகுவது வழக்கம். மூடியைத் திருகித் திறக்கும்போது அந்தக் கவர் நைந்து ஓரம் கிழியும். டேங்கை இறக்கிக் கழுவியபோது, கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு நீலத் துண்டு அடியில் கிடந்தது. ஒரு ஓரத்தில் உறிஞ்சு குழாயின் வாய் வட்டமாகப் பதிந்திருந்தது. பாலித்தீன் டீசலில் மிதக்காது, அடியில்தான் கிடக்கும். வண்டி சமதளத்தில் மெதுவாகப் போகும்போது குழாய் கொஞ்சமாக உறிஞ்சும். துண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஏற்றத்தில் மிதியை அமுக்கினால் உறிஞ்சல் கூடி, துண்டு வந்து வாயில் ஒட்டும். வண்டியை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, துண்டு விலகும். ஷெட்டுக்குப் போகும்போது வண்டி நல்லபடியாக இருந்ததற்கு இதுதான் காரணம். டேங்க் நிறைந்திருந்த நாட்களைவிடக் கால் டேங்கில் ஓடிய நாட்களில்தான் கோளாறு அதிகம் வந்தது என்று நோட்டில் இருந்தது. அந்த ஒரு வரிதான் டேங்கை இறக்கச் சொன்னது.

டேங்கை இறக்காமலேயே சோதிக்கவும் வழி உண்டு. டேங்குக்குள் மோட்டார் இல்லாமல், இன்ஜின் பம்ப்பே உறிஞ்சும் வண்டியாக இருந்தால், சுத்தமான கேன் ஒன்றில் டீசல் ஊற்றி, பின் தொட்டியில் ஆடாமல் கட்டி, உறிஞ்சும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் அந்தக் கேனுக்கு மாற்றுங்கள். கேன் மூடியில் காற்றுத் துளை இருக்கட்டும். கேபினுக்குள் கேனை வைக்கவே கூடாது. சைலன்சர் பக்கமும் வேண்டாம். அப்படியே ட்ரெய்லரோடு ஏற்றம் ஏறிப் பாருங்கள். கோளாறு வரவே இல்லை என்றால் குற்றவாளி டேங்க் பக்கம். அப்போதும் வந்தால் டேங்கை இறக்கும் கூலி மிச்சம். இதை ஒரு மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில், ஓடும் இன்ஜினில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் இதை யாரையும் செய்ய விடாதீர்கள். ஐடிலிலேயே (மிதியைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போதே) அந்தப் பைப்பில் ஏறத்தாழ 250 முதல் 350 பார் அழுத்தம் நிற்கும். முழுச் சுமையில் 1,000 பாரைத் தாண்டும், பல இன்ஜின்களில் 1,600 வரை போகும். ஊசி முனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும்.

4. காற்றுப் பக்கம்

எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளை, உவரிப் பக்கம் தேரிச் செம்மணலில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்குச் சரிப்படாது. ஏர் ஃபில்டரை அதற்கு முன்பே பாருங்கள். தட்டிச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே நல்லது. ஊத வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, மெதுவான அழுத்தத்தில். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இறுகும்.

ஃபில்டரிலிருந்து டர்போ வரை போகும் ஹோஸ் பழசானால் மெத்தென்று ஆகி, உறிஞ்சல் கூடும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் மிதியைக் கொடுக்கும்போது நீங்கள் ஹோஸைப் பாருங்கள், சுருங்கினால் தெரியும். விசிறி பெல்ட் பக்கம் கையும் வேட்டியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிரவைப்பது), அங்கிருந்து இன்ஜின் என்று போகும் ஹோஸ்களில் வெடிப்பு இருந்தால் ஐடிலில் மூடியே இருக்கும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால்தான் திறக்கும். ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு கண்ணுக்குப் படும். கிளிப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அங்கே கசிகிறது.

டர்போவை இயக்கும் சின்ன வேக்குவம் குழாய்கள் சூட்டில் காய்ந்து வெடிக்கும். விலை சொற்பம், விளைவு பெரிது. நம் பக்கம் ஓடும் பல டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கும். பிரேக் மிதியும் கல் மாதிரி இறுகுகிறது என்றால் அந்தப் பம்ப்பையும் பாருங்கள். மெக்கானிக் "டர்போ போச்சு" என்று சொன்னால், வாய்ப்பக்க ஹோஸைக் கழற்றி விசிறியின் தண்டை உங்கள் விரலால் ஆட்டிப் பார்க்கக் கேளுங்கள். விசிறி ஓரம் உடையாமல், உறையில் உரசாமல், தடையின்றிச் சுற்றினால், ஹோஸும் வேக்குவமும் பார்த்து முடியும் வரை டர்போ பேச்சு வேண்டாம்.

புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி மாட்டினாலும் கரும்புகையோடு இழுவை போகும். கழற்றிக் கழுவினால் தெளியும்.

5. ஸ்கேனரை எப்படிக் கேட்டு வாங்குவது

"ஸ்கேனர் போட்டாச்சு, ஒரு கோடும் இல்ல" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். ஸ்கேனர் என்பது ஈசியூவில் உள்ளதைப் படிக்கும் கருவி. கோடு பார்ப்பது முதல் பாதி மட்டும். ஓடும்போது வரும் லைவ் டேட்டாவில்தான் விடை இருக்கிறது.

கோடு ஏதாவது இருந்தால், அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு பதிவான நேரத்து ஆர்பிஎம், சூடு, வேகம் எல்லாம் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும், அதையும் எடுங்கள். அழித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

பி0087 என்று வந்தால் ரெயில் அழுத்தம் குறைகிறது என்று பொருள். "ஹைபிரஷர் பம்ப் போச்சு" என்று பொருள் இல்லை. ஃபில்டர் அடைப்பு, காற்றுக் கசிவு, டேங்க் அடைப்பு, இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) டீசலை அதிகமாகத் திருப்பி அனுப்புவது என எது இருந்தாலும் இதே கோடுதான் வரும். பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை. அதற்கும் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான். இந்த இரண்டு கோடுகளை வைத்துத்தான் விலை கூடிய பாகங்களை விற்கிறார்கள். இங்கே அவசரப்படாதீர்கள்.

லைவ் டேட்டாவில் வேண்டியவை: ரெயில் அழுத்தம் (ஈசியூ கேட்பது, உண்மையில் இருப்பது), பூஸ்ட் (அதே போல இரண்டும்), மிதி எத்தனை சதவீதம், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ். பூஸ்ட் எண்ணைப் படிக்கும்போது கவனம்: இன்ஜின் ஓடாதபோதே அது 100 கிலோபாஸ்கல் அளவில் காட்டினால், அது வெளிக்காற்றின் அழுத்தம். அதற்கு மேல் ஏறுவதுதான் டர்போ தருவது.

இழுவை போகும் அந்த நொடியில் எந்த எண் முதலில் சரிகிறது என்று பாருங்கள். கேட்கும் ரெயில் அழுத்தம் மேலே நிற்க, உண்மையான அழுத்தம் கீழே போனால் டீசல் பக்கம். ரெயில் சரியாக இருந்து பூஸ்ட் மட்டும் பின்தங்கினால் காற்றுப் பக்கம். கால் அடி வரை அமுக்கியிருக்க, மிதி சதவீதம் விழுந்தால் மிதி சென்சார் அல்லது அதன் வயரிங். பி2138 கோடு வந்தாலும் அதே இடம்தான். கூலன்ட் சூடு எல்லைக்கு ஏறிய பிறகே ஈசியூ அடக்குகிறது என்றால் விசிறி கிளட்ச், ரேடியேட்டர். வோல்டேஜ் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்காமல் குதித்தால் எர்த் கேபிள், பேட்டரி முனை, ஆல்டர்னேட்டர். எல்லா எண்ணும் கேட்டபடியே இருந்து வண்டி மட்டும் திணறினால் 1ஆவது படிக்குத் திரும்புங்கள்.

புளூடூத் ஸ்கேனர் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விலை குறைந்ததில் எல்லா எண்ணும் வராது. வாங்கும் முன் உங்கள் வண்டியில் மாட்டி ரெயில் அழுத்தம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு ஸ்கேனர் பயன்படாது. அதற்கு 3ஆவது, 4ஆவது படிகளும், பம்ப்பில் இருக்கும் ஸ்டாப் சாலினாய்டின் (டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்தும் மின் வால்வின்) வயர் தளர்ந்திருக்கிறதா என்ற சோதனையும் போதும்.

6. சுமையோடு ஓட்டிப் பார்க்கும் இடம்

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு வருவார்கள். அது போதாது, டேங்க் அடைப்போ ஹோஸ் சுருக்கமோ காட்டுவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும். சில நிமிடமாவது விடாமல் மிதி அடியில் இருக்க வேண்டும்.

உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு போகும் மலைச்சாலை. கேரளா போகும் லாரி நெரிசல் இருப்பதால் விடியற்காலையில் போங்கள். வளைவுகளில் ட்ரெய்லரோடு நின்றுபோனால் இரண்டு பக்கமும் அடைபடும், அதனால் ஓரம் கட்ட அகலமான இடங்களை ஏறும் முன்பே பார்த்து வையுங்கள். மாஞ்சோலை, காரையாறு பாதைகள் வனத்துறை செக்போஸ்ட் உள்ளவை. சோதனை ஓட்டத்துக்கு அங்கே போக வேண்டாம்.

ஆனி, ஆடி, ஆவணியில் ஏற்றமே தேவையில்லை. காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் மேற்கே திரும்பினால் கணவாய்க் காற்று நேர் எதிரே அறையும். சமதளத்திலேயே இன்ஜின் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். உயரமான ஜெனரேட்டர் கூண்டு உள்ள ட்ரெய்லர் ஆடும். அங்கே வேகம் கூட்டாதீர்கள்.

ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். கூட வருபவர் ஸ்கேனர் திரையைச் செல்போனில் வீடியோ எடுத்தபடி, "இப்ப போச்சு", "இப்ப வந்துட்டு" என்று சத்தமாகச் சொல்லட்டும். அந்தக் குரல் வீடியோவில் பதிவானால், எந்த நொடியில் எந்த எண் விழுந்தது என்று மெக்கானிக் நிதானமாகப் பார்க்கலாம். டேங்கில் டீசல் கால் அளவில் இருக்கும்போதே போங்கள்.

7. பிஎஸ்6 வண்டிக்கு மட்டும்

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்பனைக்கு வந்த டீசல் பிக்கப்களில் புகை வடிகட்டியான டிபிஎஃப் பெரும்பாலும் இருக்கும். சேரும் கரியை எரிக்க வண்டி தொடர்ந்து கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்கு ஊர் ஐந்தாறு கிலோமீட்டர் நகர்ந்து, நின்ற இடத்தில் ஐடிலில் ஓடினால் கரி சேர்ந்து அடைக்கும். ஈசியூ இழுவையைக் குறைக்கும். டிபிஎஃப் லைட் எரிந்தால் இன்ஜினை அணைக்காமல், புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஓட்டி முடியுங்கள். டிஇஎஃப் (புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவம்) ஊற்றும் வண்டியானால் அதன் அளவையும் பாருங்கள். "டிபிஎஃப்பைக் கழற்றிவிடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள்: சட்ட விரோதம், வாரண்டி போகும், எஃப்சி நேரத்தில் மாட்டும்.

8. காகிதங்கள்

வண்டிக்குத் தனி ஆர்சி, ட்ரெய்லருக்குத் தனி ஆர்சி. சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். இரண்டுக்கும் இன்சூரன்ஸ், எஃப்சி நடப்பில் இருக்கிறதா என்று சோதனை ஓட்டத்துக்கு முன் பாருங்கள். ட்ரெய்லர் பெயர் இல்லாத பாலிசியோடு மலையேறி ஏதாவது நடந்தால் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். மெக்கானிக் ஓட்டுவதாக இருந்தால் அவர் லைசென்ஸையும் கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வாரண்டி உள்ள வண்டியானால் இழுவைக் கொக்கி யார் மாட்டியது என்று கேட்பார்கள். வெளியில் வெல்டிங் வைத்த கொக்கி பேச்சுக்கு இடம் கொடுக்கும். கம்பெனி கொக்கியானால் அதன் பில்லைக் கையில் வைத்திருங்கள்.

ஷெட்டில் விடும்போது ஜாப் கார்டில் "பிக்கப் இல்லை" என்று மட்டும் எழுத விடாதீர்கள். நோட்டில் உள்ளபடி, "ட்ரெய்லரோடு, மூன்றாவது கியர், ஏற்றத்தில், கால் டேங்கில், புகை இல்லாமல் இழுவை போகிறது, பத்து நிமிடம் நின்றால் வருகிறது" என்று முழுசாக எழுதச் சொல்லிப் படம் எடுங்கள். இன்ஜெக்டரோ பம்ப்போ டெஸ்ட் பெஞ்சுக்குப் போனால் ரிப்போர்ட் சீட்டு வேண்டும். மாற்றிய எல்லாப் பழைய பாகமும் உங்கள் கைக்கு வர வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

9. செலவும் நாளும்

தொகை வண்டிக்கு வண்டி மாறும். திருநெல்வேலி, வள்ளியூர் பக்கம் எங்களுக்கு வந்த தோராயக் கணக்கு இது. ஸ்கேனர் போட 500 முதல் 1,000 ரூபாய். தெளிவான ஹோஸ், கிளிப், வேக்குவம் குழாய் எல்லாம் சில நூறுகள். டீசல் ஃபில்டர் ஆயிரத்தை ஒட்டி. டேங்க் இறக்கிக் கழுவிப் பூட்டக் கூலி 2,000 வரை. டர்போ ஹோஸ் 1,000 முதல் 2,500. இன்ஜெக்டர் சோதிக்க ஒன்றுக்கு சில நூறுகள். மாற்றினால் ஒன்றுக்கே பல ஆயிரம். டர்போவும் ஹைபிரஷர் பம்ப்பும் பத்தாயிரங்களில். வரிசையை மாற்றி, பெரிய செலவிலிருந்து தொடங்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

1 முதல் 4 வரை உள்ள படிகளுக்கு ஒரு முழு நாள் போதும். டேங்க் இறக்க அரை நாள். பம்ப் கடைக்குப் போனால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்; சீசனில் இன்னும் கூடும். எங்கள் தொழிலில் திங்கள் இரவு குடியழைப்பு (கொடையின் தொடக்கச் சடங்கு), செவ்வாய் கொடை என்று வாரமே அதைச் சுற்றித்தான் ஓடும். அதனால் வண்டியைப் புதன் காலையில் ஷெட்டில் விடுங்கள். வெள்ளிக்கிழமை விட்டுவிட்டுத் திங்கள் சாயங்காலம் வேண்டும் என்று அவசரப்படுத்தினால் மெக்கானிக்குக் கைக்கு வந்த பாகத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. முடிந்தால் பங்குனிக்கு முன்பே, மாசி மாதத்தில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்தால் கோவில் தேதிகள் வரிசையாக வந்துவிடும், எந்த ஷெட்டிலும் இடம் கிடைக்காது.

10. வேலை முடிந்த பிறகு

சாவியை வாங்கும் முன் அதே ட்ரெய்லர், அதே எடை, அதே ஏற்றம், கால் டேங்க் டீசல் என்று மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஷெட்டில் விடும்போதே பேசி, கூலியில் ஒரு பகுதியை இந்த ஓட்டத்துக்குப் பிறகு கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வையுங்கள். ரெயில் அழுத்தம், பூஸ்ட் இரண்டும் கேட்டபடி நிற்பதைப் புது வீடியோவாக எடுத்து, பழைய வீடியோவோடு சேர்த்து வையுங்கள். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட ஒரு அளவு இருக்கும்.

கேன் டீசல் ஊற்றுகிறவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள்: மூடிக்கு அடியில் வைத்திருக்கும் பாலித்தீன் கவரை எடுத்துப் போட்டுவிட்டு ரப்பர் வாஷர் உள்ள மூடி வாங்குங்கள். டேங்கில் ஊற்றும்போது கம்பி வலை வைத்த புனலைப் பயன்படுத்துங்கள். துணி வைத்து வடிகட்டினால் துணியின் நூலும் பஞ்சும் டேங்குக்குள் போகும்.